மேயருக்கு ஒரு பரிந்துரை

பத்து வருடம் எம்.எல்.ஏ.வாக இருந்த குணசேகரன் மேயராகி மூன்று நாள்தான் ஆகியிருந்தது. செங்கமலம் மனுவோடு வந்தார்.

“திருமயம் ரோட்டுக்கு அங்கிட்டு எங்க தெருங்க. பத்து நாளா தண்ணி வரலை.”

குணசேகரன் முதல் வரியை மட்டும் படித்தார். மீதி என்ன இருக்கும் என்பது அவருக்குத் தெரியாதா? கை பழகிய வேகத்தில் பச்சை மையால் ஓரத்தில் எழுதினார்: ‘மேயர் அவர்களுக்கு, உடன் ஆவன செய்யவும்.’ கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

செங்கமலம் அதை வாசித்தார். கிளம்பவில்லை. மனுவைத் திருப்பி அவர் முன்னாலேயே வைத்தார்.

“எம்.எல்.ஏ. எழுதிக் குடுத்துட்டாருங்க. மேயர் என்ன சொல்றீங்க?”

அன்றுதான் குணசேகரன் ஒரு மனுவைக் கடைசி வரி வரை படித்தார்.