துகிரானின் கைக்குக் கூவிய புறா

மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்த பத்தொன்பது நாட்களில் நான்கு நாட்கள் மட்டும் என் புறா வாய் திறக்கவில்லை. எந்த நான்கு நாட்கள் என்று எனக்குத் தெரியும். ஏன் என்பதுதான் தெரியவில்லை.

செவ்வாய், ஞாயிறு, வெள்ளி, புதன். இவற்றை மருத்துவமனையில் கொடுத்த அட்டையிலேயே குறித்து வைத்திருந்தேன். திங்கள் முதல் ஞாயிறு வரை வரிசைக்கு ஏழு கட்டங்கள் கொண்ட அட்டை அது. எத்தனை நிமிடம் நடந்தேன், மூன்று பந்துகள் இருக்கும் மூச்சுக் கருவியை எத்தனை முறை இழுத்தேன் என்று தினமும் எழுத வேண்டும். புறா கூவாத நாளில் மூலையில் ஒரு வட்டம் போட்டேன். வட்டங்கள் அட்டை முழுவதும் சிதறிக் கிடந்தன. ரயில் பணிமனையில் முப்பது வருடம் வேலை முறைப் பட்டியல் எழுதியவன் நான். ஒரு தாளைப் பார்த்தால் அதில் என்ன ஓடுகிறது என்று சொல்லிவிடுவேன். இந்தத் தாள் பிடி கொடுக்கவில்லை.

எரிச்சல் அந்த நான்கு நாட்களால் அல்ல, மற்ற பதினைந்து நாட்களால். இரண்டு வருடமாக நான் வளர்த்தபோது நாளுக்கு ஒரு முறைகூடக் கூவாத என் புறா லாங்கிட், இப்போது அக்கம்பக்கத்துத் துகிரான் கயிற்றைப் பிடித்து மேலே ஏற்றினால் அரை மணி நேரம் நிறுத்தாமல் கூவியது.

எங்கள் ஊரில் இந்தச் சிறு புறாவைக் கூண்டோடு கம்பத்தின் உச்சிக்கு ஏற்றுவோம். நான்கு ஆள் உயரம், உச்சியில் ஒரு கப்பி. காற்றும் வெயிலும் பட்டால் குரல் திறக்கும். கூண்டின் கனம் இரண்டு கிலோகூட இருக்காது. ஆனாலும் எனக்குக் கயிற்றைத் தொடக்கூட அனுமதியில்லை. இதயத்தை எட்டுவதற்காக நெஞ்செலும்பை நடுவில் நீளவாக்கில் அறுத்து, வேலை முடிந்ததும் எஃகுக் கம்பியால் முறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். எலும்பு தானாக ஒட்டிக்கொள்ள மூன்று மாதம் ஆகும். அதுவரை கம்பிதான் பிடித்திருக்கிறது. தலைக்கு மேலே கையைத் தூக்கி எதையாவது கீழே இழுத்தால் மார்புத் தசைகள் எலும்பின் இரண்டு பாதியையும் இரண்டு பக்கமாக இழுக்கும். கூண்டின் கனம் பெரிதல்ல, இழுக்கிற திசைதான் ஆபத்து. அதனால்தான் கட்டிலிலிருந்து எழும்போதும் கையை ஊன்றாமல், பக்கவாட்டில் உருண்டு, கால்களைக் கீழே விட்டு, அந்தக் கனத்திலேயே நிமிர்கிறேன். இருமல் வந்தால் மடித்த கைலியை நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறேன்.

எனவே துகிரான். நூற்றைம்பது காலடி தள்ளி வீடு, என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவன், அவனும் புறா வளர்ப்பவன். தினமும் காலை ஆறு மணிக்கு முன்னால் வந்து லாங்கிட்டை ஏற்றிவிட்டுப் போவான். போவதற்கு முன் என் மனைவி துமினி அவனுக்குக் காபியும் பொரித்த வாழைப்பழமும் கொடுப்பாள். எனக்கு உப்பில்லாத அவித்த கீரை. கட்டிலில் படுத்தபடி முற்றத்துச் சிரிப்பை நான் கேட்டுக்கொண்டிருப்பேன். இருவரும் என்னை மாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள்; எங்கள் ஊரில் அண்ணனுக்கும் கணவனுக்கும் அதுதான் சொல்.

"அக்கா, கேட்டீங்களா? கூண்டுக்குள்ள கைய விட்டாலே என் விரல்ல வந்து உக்காருது."

"உன் கை ராசி தம்பி. இவரு ரெண்டு வருஷமா கெஞ்சினாரு, ஒரு சத்தம் வரல."

"மாஸ் பாவம், விடுங்க. அவருக்குக் கேட்டா நெஞ்சு வலிக்கும்."

வலித்தது. அறுவையால் அல்ல.

புதன்கிழமை நான்காவது முறையாக லாங்கிட் வாயை மூடிக்கொண்டபோது எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். அன்றும் அதை ஏற்றியது துகிரான்தான், அதுவும் விடிந்தவுடனேயே வந்து. அவன் கையும் எல்லா நாளும் செல்லுபடியாகவில்லை என்று நினைத்துக்கொண்டேன். மதியச் சோறு போடும்போதே துமினி அந்தச் சந்தோஷத்தைப் பறித்துவிட்டாள்.

"மாஸ், ஒண்ணு சொன்னா கோவப்படக் கூடாது. வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சு வந்து துகிரான் லாங்கிட்ட அவன் வீட்டுக்கே எடுத்துட்டுப் போறேங்குறான். நான் சரின்னுட்டேன்."

"என்னைக் கேக்காம?"

"இன்னும் ரெண்டு மாசம் நீங்க கயித்தத் தொட முடியாது. அது அவன்கிட்டதான் கூவுது. தினம் தினம் அவனப் பாத்து நீங்க பல்லக் கடிச்சா, மாத்திரை எங்க வேலை செய்யும்?"

"திரும்பித் தருவானா?"

"புறாவுக்கே திரும்பி வரத் தோணணும்ல" என்று சொல்லிவிட்டு, சொன்னது அதிகம் என்று தோன்றியதோ என்னவோ, தட்டில் ஒரு துண்டு சோயா டெம்பேயைச் சேர்த்து வைத்தாள். "சந்தையில வாங்கினது. இன்னிக்குப் பாஹிங், செம கூட்டம். துகிரானும் வந்திருந்தான். அவன் புறாவக் கூண்டோட தொங்கவிட்டு, அது கூவுறதக் கேக்கவெச்சு அதோட குஞ்சுகள வித்துக்கிட்டிருந்தான்."

எங்கள் ஊரில் இரண்டு வாரங்கள் ஒன்றாக ஓடுகின்றன. பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் ஏழு நாள் வாரம். சந்தைக்கு ஐந்து நாள் வாரம். அந்த ஐந்து நாட்களில் ஒன்றான பாஹிங் அன்றுதான் பறவைச் சந்தை. ரயில்கள் ஏழு நாள் வாரத்தில் ஓடுவதால் நான் ஐந்தை எண்ணியதே இல்லை. அட்டையை எடுத்தேன். செவ்வாயிலிருந்து ஞாயிறு ஐந்து நாள். ஞாயிறிலிருந்து வெள்ளி ஐந்து. வெள்ளியிலிருந்து புதன் ஐந்து. ஏழு கட்டத் தாளில் சிதறியிருந்தவை ஐந்து கட்டத் தாளில் ஒரே வரிசையில் நின்றிருக்கும்.

பாஹிங் அன்று என்ன மாறுகிறது? ஏற்றும் கை அதேதான். தீனி, தண்ணீர், கம்பம் எல்லாம் அதேதான். ஒன்றுதான் வேறு. துகிரானின் புறா அன்று அவன் கம்பத்தில் இல்லை, சந்தையில் இருக்கிறது.

இது வெறும் ஊகம். ஊகத்தைக் காட்டி என் புறாவைத் தடுத்து நிறுத்த முடியாது. ஒரு நேரத்தில் ஒரே ஒரு விஷயத்தை மாற்றிப் பார்க்க வேண்டும். முதலில் கையை மாற்றினேன். வியாழக்கிழமை துகிரான் வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பி, துமினியை ஏற்றச் சொன்னேன். அவள் இழுத்த இழுப்பில் கூண்டு ஊஞ்சல்போல ஆடியது.

"உங்களுக்குப் பொறாமை, மாஸ். அதுக்கு நான் கயிறு இழுக்கணுமா?"

"ஆமா, பொறாமைதான். இழு."

ஆறு மணி ஐந்து நிமிடத்துக்கு லாங்கிட் கூவியது. எப்போதும்போலவே நீளமாக, கடைசியில் ஒரு சொடுக்கோடு. துமினி கயிற்றைக் கட்டிய கையோடு மேலே பார்த்தபடி நின்றாள்.

"அப்போ கை ராசி?"

"உனக்கும் இருக்குபோல. துகிரான் வீடுவரைக்கும் போயிட்டு வரேன்."

"வாசல் தாண்டினதில்லையே நீங்க!"

உண்மைதான். அட்டையில் பத்து நிமிடம் என்றிருந்தது. நானோ வாசலுக்குள்ளேயே ஆறு நிமிடம் நடந்துவிட்டு, பத்து என்று எழுதிக்கொண்டிருந்தேன். அன்று கைலியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நடந்தேன். இதயத்தில் ஒட்டுவதற்காக ரத்தக்குழாய் எடுத்த இடது கால் கட்டையாக இருந்தது. பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம்தான் சரியான வேகம் என்று செவிலி சொல்லியிருந்தாள். பேச ஆள் இல்லாததால் காலடிகளைச் சத்தமாக எண்ணினேன். எழுபதாவது காலடியில் மூச்சு வாங்கியது. நின்றேன்.

அந்த இடத்தில்தான் இரண்டும் கேட்டன. முன்னாலிருந்து துகிரானின் புறா கூவியது. இரண்டு நொடி கழித்து, பின்னாலிருந்து லாங்கிட். மீண்டும் அது, மீண்டும் இது. ஒரு முறைகூட வரிசை மாறவில்லை. கட்டிலில் படுத்திருந்த எனக்கு நடுவிலுள்ள சுவர்களைத் தாண்டி எதிர்ப்புறத்துக் குரல் எட்டியதே இல்லை. கூரைகளுக்கு மேலே, கம்பத்தின் உச்சியில் சுவர் ஏது? நான் பணிமனையிலிருந்து வந்து சாயங்காலம்தான் புறாவை ஏற்றுவேன். துகிரான் தன்னுடையதை மதியத்துக்கு முன்பே இறக்கிவிடுவான். இரண்டு வருடமாக என் புறாவுக்கு எதிராளியே இல்லாமல் போயிருக்கிறது.

என்னைத் தன் வாசலில் பார்த்ததும் துகிரான் தீனிக் கிண்ணத்தைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து நாற்காலி போட்டான்.

"மாஸ்! நடந்தா வந்தீங்க? அக்கா என்னைக் கொன்னுடுவாங்க."

"உன் புறாவ எறக்கு."

"இப்பத்தான ஏத்தினேன்?"

"கால் மணி நேரம் வீட்டுக்குள்ள வை. கேள்வி கேக்காத."

இறக்கினான். எங்கள் வீட்டுப் பக்கத்திலிருந்து இன்னும் இரண்டு குரல் வந்தது. பிறகு நின்றுபோனது. கால் மணி நேரமும் ஒரு சத்தம் இல்லை. மீண்டும் ஏற்றச் சொன்னேன். அவன் புறா வாய் திறந்த மறு நிமிடம் தூரத்தில் லாங்கிட்டும் திறந்தது. துகிரான் காதைக் கையால் குவித்துக் கேட்டான். அவன் முகம் மெல்ல வாடியது.

"அது எனக்காகக் கூவல."

"உன் புறாவ விரட்டுறதுக்காகக் கூவுது. இது என் எடம், உள்ள வராதேன்னு."

"சந்தை பூரா என் கை ராசின்னு சொல்லி வெச்சிருக்கேனே, மாஸ்!"

அந்த ஒரு வாக்கியம் எந்த மாத்திரையைவிடவும் எனக்கு நன்றாக வேலை செய்தது. ஆனால் நான் வந்த காரியம் முடியவில்லை.

"நாளைக்கு லாங்கிட்ட இங்க கொண்டுவந்து உன் புறா பக்கத்துல தொங்கவிட்டா என்ன ஆகும்? புறாக்காரனாச் சொல்லு."

அவன் தரையைப் பார்த்தான். பொய் சொல்ல நினைத்திருந்தால் சொல்லியிருக்கலாம்.

"பக்கத்துல வெச்சா என்னோடது முறைச்சே அடக்கிடும். போன வருஷம் ஒண்ணு அப்படித்தான், வந்த ரெண்டாவது நாளே ஊமையாப் போச்சு. இதுக்கு இந்தத் தூரம் வேணும். குரல் கேக்கணும், ஆள் தெரியக் கூடாது."

"அப்ப வெள்ளிக்கிழமை?"

"எடுத்துட்டுப் போக வரல, மாஸ். கயிறு யாரு இழுப்பா?"

"துமினி. ஆட்டாம இழுக்கச் சொல்லித் தரேன்."

அவன் என்னை வண்டியில் கொண்டுபோய் விடுகிறேன் என்றான். குலுங்கினால் எலும்புக்கு ஆகாது என்று மறுத்தேன். எண்ணிக்கொண்டே திரும்பி நடந்தேன், நடுவில் இரண்டு முறை நின்று. வீட்டுக்கு வந்து அட்டையில் பத்து என்று எழுதினேன், இந்த முறை உண்மையாகவே. அதற்குக் கீழே துமினிக்காக இதையும் எழுதி, கம்பத்துக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டச் சொன்னேன்:

லாங்கிட் நம் கம்பத்திலேயே இருக்க வேண்டும். காலை ஆறு மணிக்குத் துகிரானின் புறா அவன் வீட்டில் ஏறும்போது இதை இங்கே ஏற்ற வேண்டும். யார் ஏற்றினாலும் சரி. பாஹிங் அன்று அவன் புறா சந்தையில் இருக்கும், அன்று ஏற்ற வேண்டாம்.