சி போட்ட ரிஃபானா

என் கோபம் ஊரறிந்தது. பீளமேட்டு மோட்டார் கம்பெனியில் டெஸ்டிங் வேலை பார்த்துக்கொண்டே, மூன்று வருஷம் மண்டையை உடைத்து ஒரு செஸ் புரோகிராம் எழுதினேன். 1999-இல் அதை இணையச் செஸ் சர்வரில் ஆடவிட்டேன். ஆடுவது கம்ப்யூட்டர் என்று தெரிய, கணக்கின் பெயருக்குப் பின்னால் 'சி' போடுவார்கள். ரேட்டிங் 2310-ஐத் தொட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதை ஒரே ஆள் மூன்று நாள் தொடர்ந்து தோற்கடித்தால்? மனுஷர் செய்கிற காரியமா அது? ஆட்டத்தைப் பார்க்கக்கூட இல்லை. 'இதுவும் கம்ப்யூட்டர்தான்' என்று நிர்வாகிகளுக்குப் புகார் தட்டிவிட்டேன். அந்தப் பெயருக்கும் சி விழுந்தது. சி விழுந்தால் ஞாயிற்றுக்கிழமை மனிதர்களுக்கான போட்டியில் இடம் கிடையாது.

சனிக்கிழமை காலை போன் வந்தது. என் கணக்குக் குறிப்பில் நம்பர் கொடுத்திருந்தேன்.

"ஏனுங்க, பாலகோபால் அண்ணாங்களா? உக்கடம் பிரவுசிங் சென்டர்ல இருந்து ரிஃபானா பேசறனுங்க. உங்க மெஷினை ஜெயிச்சது நாந்தானுங்க. எனக்கு சி போட்டுட்டாங்க. நாளைக்குப் போட்டிங்க, ஆறு மாசமா இதுக்குத்தான் ஆடிட்டிருக்கறேன்."

"அதெப்படிங்க அம்மணி மூணு நாளும் ஜெயிப்பீங்க?" என்று எகிறினேன். எங்கள் ஊரில் எகிறினாலும் 'ங்க' போகாது.

"மொத நாள் யோசிச்சு ஜெயிச்சனுங்க. மறுநாளும் அது அதே ஆட்டத்தை ஆடுச்சுங்க. கத்துக்குமான்னு மூணாவது நாளும் பாத்தனுங்க. அப்பறம் எனக்கே வெக்கமாப் போச்சு, உட்டுப்போட்டனுங்க. உங்களுக்கு எழுதியிருந்தேனே, பாக்கலீங்களா?"

என் கணக்கைத் திறந்து பார்த்தேன். 'உங்க மெஷின் ஒரே ஆட்டத்தையே திருப்பி ஆடுதுங்க' என்று இங்கிலீஷ் எழுத்தில் தமிழாகத் தட்டிய இரண்டு செய்திகள் கிடந்தன. மோட்டாரைப் பத்து தடவை ஓட்டினால் பத்து தடவையும் ஒரே ரீடிங் வர வேண்டும் என்பது எங்கள் தொழில். அந்தப் புத்தியில், ஒரே நிலை வந்தால் ஒரே காயைத்தான் நகர்த்த வேண்டும் என்று எழுதிவைத்திருந்தேன். அதில் பெருமை வேறு.

"புகார் குடுத்தது நாந்தானுங்க அம்மணி."

"தெரியுமுங்க. அதான் உங்களுக்கே போன் போட்டேன்."

என் புகார் தப்பு என்று நிர்வாகிகளுக்கு எழுதினேன். அப்படியானால் மூன்று ஆட்டங்களையும் சர்வரில் எல்லோரும் பார்க்கிற அறிவிப்புப் பலகையில் போட்டு விளக்கச் சொன்னார்கள். போட்டால் என் மெஷினை அடிக்கும் வழி உலகத்துக்கே தெரிந்துவிடும். திருத்தி எழுத ஒரு வாரமாவது ஆகும். போட்டியோ நாளைக்கு. போட்டுவிட்டேன்.

மதியத்துக்குள் ரிஃபானாவின் சி நீங்கியது. அதற்குள் ஆளாளுக்கு அதே வழியில் வந்து என் மெஷினை அடித்துக்கொண்டிருந்தார்கள். சாயங்காலம் ரேட்டிங் 1980. மெஷினை நிறுத்தியிருக்கலாம். ஏறும்போது ஆடவிட்டவன் இறங்கும்போது இழுத்து மூடினால் அது என்ன நியாயம்? தோல்விகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

முப்பத்தெட்டாவது ஆளாக ரிஃபானா வந்தாள். அந்த வழியைக் கண்டுபிடித்தவளே அவள்தான். முதல் காயையே வேறு மாதிரி நகர்த்தினாள். ஒன்றரை மணி நேரம் போராடித் தோற்றாள்.

"நல்லா ஆடுச்சுங்க" என்று தட்டிவிட்டுப் போனாள்.

அன்று முழுக்க என் மெஷினின் ரேட்டிங்கில் ஏறியது அந்த ஆட்டத்தில் கிடைத்த ஒன்பது புள்ளிதான்.