மூன்றாவது விசாரணையும் ஒரு கைப்பிடி உப்பும்

இதில் வருகிற ஒவ்வொரு சொல்லும் சத்தியம். ஒரு எழுத்து பிசகியிருந்தாலும் சொன்ன வாய்க்கு இனிமேல் குழம்பில் உப்பு ருசியே தெரியாமல் போகட்டும். மரக்காணம் பஸ் ஸ்டாண்டில் யாரை வேண்டுமானாலும் நிறுத்தி விசாரித்துக்கொள்ளலாம். பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவரை மட்டும் விட்டுவிடவும்.

சுனாமிக்கு அடுத்த வருஷம், ஆனி மாத வெயில். சமுதாயக் கூடத்து வாசலில் மகள் பூவிழியின் கையைப் பிடித்துக்கொண்டு சகாயமேரி நின்றிருந்தாள். புருஷனை அலை கொண்டுபோன பிறகு, உப்பளக் கூலியில் இரண்டு வயிறு நிறையாது என்று, ஈசிஆர் ஓரம் புதிதாக முளைத்த பிள்ளைகள் இல்லத்தில் மகளைச் சேர்த்தது சகாயமேரிதான். ஈஸ்டருக்கு வீட்டுக்கு வந்த பெண், திரும்பிப் போக மாட்டேன் என்று கதவுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டாள். இல்லத்து நிர்வாகி காசிலிங்கம் என்ன செய்தான் என்பதை அம்மாவிடம் ஒரே ஒரு தடவை சொன்னாள். அது இங்கே வராது.

அரசாங்கம் விசாரணை வைத்தது. வைக்கவில்லை என்று யாரும் குறை சொல்ல முடியாது. முதலில் வந்த அதிகாரி, அதே இல்லத்தில் இருந்த கூனிமேட்டு முபீனாவைத் தனியாக உட்காரவைத்துக் கேட்டு எழுதிக்கொண்டார். மறுநாளே காசிலிங்கத்தின் ஆள் முபீனா வீட்டு வாசலில் நின்று, அவள் சொன்னதை அவள் சொன்ன மாதிரியே, அழுகையோடு சேர்த்து நடித்துக் காட்டினான். முபீனாவின் அத்தா கடையைப் பூட்டிவிட்டுக் குடும்பத்தோடு சென்னைக்குப் போய்விட்டார். அதிகாரிக்கும் மாற்றல் வந்தது. இரண்டாவதாக வந்தவர் இல்லத்திலேயே உட்கார்ந்து இளநீர் குடித்தார். அவர் குடித்த குடியில் அங்கிருந்த தென்னைகள் அடுத்த வருஷம் காய்க்க மறுத்துவிட்டன. பிள்ளைகள் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டு லீவில் போனார்.

இன்றைக்கு மூன்றாவது ஆள்.

"இன்னும் ஒரே ஒரு தபாதாம்மா சொல்லுவேன்" என்று பூவிழி சொல்லியிருந்தாள். அந்த ஒரு தடவையை யாரை நம்பிக் கொடுப்பது? அதுதான் சகாயமேரியின் நெஞ்சில் கிடந்து அறுத்தது. சொல்லாவிட்டால் இல்லத்தில் மிச்சம் இருக்கிற பிள்ளைகளின் கதி என்ன? சொன்னது காசிலிங்கத்திடம் போனால் பூவிழியின் கதி என்ன?

வேன் வந்து நின்றது. அது இல்லத்து வேன்.

"பாத்தியாக்கா, மாப்பிள்ள பொண்ணு வூட்டு வண்டியிலயே வந்து எறங்குறாரு" என்றான் உப்பள மேஸ்திரி பாவாடை.

அதிகாரி இறங்கினார். பின்னாலேயே காசிலிங்கமும் இறங்கி, சட்டையை நீவிவிட்டுக்கொண்டு, "என்னாம்மா பூவிழி, எளச்சிட்ட?" என்றான். பூவிழி அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

கூடத்துக்குள் அதிகாரி பேனாவைத் திறந்தார். "பயப்படாம சொல்லும்மா. கவர்ன்மென்ட் மேல நம்பிக்கை வை."

"வெச்சோங்க சார்" என்றாள் சகாயமேரி. "ரெண்டு தபா வெச்சோம். வெச்ச எடத்துல காணோம்."

மடியை அவிழ்த்தாள். காலையில் பாத்தியிலிருந்து வாரிய உப்பு. உப்பளத்தில் தகராறு என்றால் யாரும் ஸ்டேஷனுக்குப் போவதில்லை. கையில் உப்பை வைத்து மூடிக்கொண்டு பேசச் சொல்வார்கள். பொய் சொன்னால் உள்ளங்கை வியர்த்து உப்பு கசிந்துவிடும்.

"இதப் புடிச்சிக்கினு நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லுங்க சார். அப்பறம் எம்பொண்ணு பேசும்."

"சார், பட்டிக்காட்டு ஜனங்க, நீங்க கண்டுக்காதீங்க" என்றான் வாசற்படியில் நின்ற காசிலிங்கம்.

அதிகாரி சிரித்தார். "கொடும்மா. கையில வெச்சா தேஞ்சா போயிடுவேன்?"

மூடினார்.

"இவன் வேன்ல ஏன் வந்தீங்க?"

"ஆபீஸ் ஜீப் ரிப்பேர்."

விரலிடுக்கிலிருந்து ஒரு சொட்டு மேஜைமேல் விழுந்தது. "வெயில்" என்றார் அதிகாரி.

"எம்பொண்ணு சொல்றது இவன் காதுக்குப் போவுமா?"

"போகவே போகாது."

அப்போதுதான் அது நடந்தது. முஷ்டியிலிருந்து உப்புத் தண்ணீர் பைப்பைத் திறந்துவிட்ட மாதிரி கொட்டியது. முழங்கை நனைந்து, மேஜை நனைந்து, வாசற்படி இறங்கித் தெருவுக்கு ஓடியது. பாவாடை செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு அதில் கால் அலம்பிக்கொண்டான். இரண்டு வாத்துகள் வந்து மிதந்து பார்த்துவிட்டு, கரிப்புத் தாங்காமல் எழுந்து போயின.

அதிகாரி கையை விரித்தார். ஒரு மணி உப்பு இல்லை.

"ஜீப் நல்லாத்தான் ஓடுது" என்றார், தலையைத் தூக்காமல். "எழுதறதுல ஒரு காப்பி இவருக்குக் குடுத்துடணும்னு மேல சொல்லியிருக்காங்க."

பாவாடை காசிலிங்கத்தின் முன்னால் ஒரு பிடி உப்பை நீட்டினான். "சார், நீங்களும் ஒரு கை புடிங்களேன்." காசிலிங்கம் இரண்டு கையையும் பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு வேனைப் பார்த்து நடந்தான். வேனைச் சுற்றி அளத்துப் பெண்கள், உப்பு வாருகிற பலகைகளை ஊன்றியபடி நின்றிருந்தார்கள். ஒருத்தியும் நகரவில்லை.

"அந்தக் காப்பியக் கடல்ல போடுங்க சார். இப்ப நீங்களே எழுதுங்க" என்றாள் சகாயமேரி.

அதிகாரியைத் தவிர ஆம்பளைகள் எல்லாரும் தாமாகவே வெளியே போய் முதுகைக் காட்டி நின்றார்கள். பூவிழி அம்மாவின் மடியிலிருந்து மிச்ச உப்பை அள்ளி, கையை மூடிக்கொண்டாள். பேச ஆரம்பித்து, நடுவில் இரண்டு தடவை நிறுத்தினாள். அம்மா முதுகைத் தடவியதும் மறுபடி சொன்னாள். அதிகாரி எழுதிக்கொண்டே போனார்.

முடித்ததும் கையை விரித்தாள். உப்பு மணிமணியாக, பாத்தியில் வாரினபோது இருந்த மாதிரியே காய்ந்து கிடந்தது.

பொழுது சாய்வதற்குள் போலீஸ் ஜீப் வந்து காசிலிங்கத்தை ஏற்றிக்கொண்டு போனது. இல்லத்துப் பிள்ளைகளை அன்றைக்கே வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். பூவிழி அன்று கதவுக்குப் பின்னால் உட்காராமல் வாசலில் உட்கார்ந்து சாப்பிட்டாள். குழம்பில் உப்பு தூக்கல் என்று அம்மாவிடம் சண்டையும் போட்டாள்.

மூன்றாவது அதிகாரி என்று யாரும் மரக்காணத்துக்கு இன்று வரை வரவில்லை. இதைச் சொன்ன வாய்க்கு இப்போது குழம்பில் உப்பு ருசி தெரிவதில்லை.