டோரினாக்கள் பழுது பார்க்கப்படும்

ஒன்பது கையெழுத்து வாங்கியாகிவிட்டது. பத்தாவதுக்கு நான் போய் நின்றது என் சொந்த அக்காவின் கடை வாசலில். தலைக்கு மேலே பலகை: ‘டோரினாக்கள் பழுது பார்க்கப்படும்.’ மாமா தன் கையாலேயே எழுதியது. முதல் எழுத்தை யானை அளவுக்கு எழுதிவிட்டு, கடைசியில் இடம் போதாமல் ‘படும்’ என்பதை மூலையில் எறும்பாக நுழைத்திருப்பார். கடை திறந்த அன்று பார்த்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அக்கா மட்டும், “நல்லாதாங்க இருக்கு” என்றாள். அதற்குப் பிறகு அந்தப் பலகைமேல் யாரையும் கைவைக்க விட்டதில்லை.

டோரினா என்பது நான் வேலை பார்க்கும் கம்பெனியின் தையல் மெஷின். பச்சைச் சக்கரம் வைத்தது. அளவுக்கு மீறிப் பெயர் வாங்கியதுதான் அதற்கு வினையாகிவிட்டது. எந்தக் கம்பெனி மெஷினானாலும் ஜனங்களுக்கு அது டோரினா. இரண்டு இருந்தால் டோரினாக்கள். இப்படியே விட்டால் பெயர் நம் கையை விட்டுப் போய்விடும், நாளைக்கு எவன் வேண்டுமானாலும் டோரினா என்று செய்து விற்பான் என்று எங்கள் மேலாளர் அம்மாவுக்கு ஓயாத கவலை. அந்தக் கவலையைத் தீர்க்கத்தான் என்னை ஆறு மாதத்துக்கு எடுத்திருந்தார். ரிப்பேர் கடைகளுக்குப் போய், பலகையை மாற்றுகிறேன் என்று கையெழுத்து வாங்கி வரவேண்டும். பத்து சேர்ந்தால் வேலை நிரந்தரம். கெடு முடிய இன்னும் ஒரு வாரம். அக்கா கடையை நான் வேண்டுமென்றே கடைசிக்குத் தள்ளிக்கொண்டு வந்திருந்தேன். பயம்தான், வேறென்ன?

அக்கா ஒரு மெஷினைக் கவிழ்த்துப்போட்டு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். தாளை வாங்கி நிதானமாகப் படித்தாள்.

“ஏன்டா, உனக்குச் சோறு ஊட்டின கையாலதான் இதுலயும் போடணுமா?”

“வேலை போயிடும்க்கா.”

“இங்க வர்றதுல பாதி உங்க மெஷினே இல்ல. எல்லாரும் டோரினான்னு சொல்லித்தான் கொண்டாந்து வைக்கிறாங்க. நானா சொல்லிக் குடுத்தேன்?”

உள்ளே திருகாணிகளைப் பிரித்துக்கொண்டிருந்த மாமா தலையை நீட்டினார். “போட்டுக் குடும்மா. பலகை என்ன பலகை, வேற எழுதிடலாம். இந்தத் தடவை இடம் பார்த்து எழுதுறேன்.”

“நீங்க இடம் பார்க்கிற லட்சணம்தான் தெருவுக்கே தெரியுமே” என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டேதான் கையெழுத்தும் போட்டாள். தாளின் ஓரத்தில் அவள் விரலின் எண்ணெய்க் கறை படிந்தது. வேலை கிடைத்த சந்தோஷம் வரவேண்டிய நேரத்தில் எனக்கு வெட்கம்தான் வந்தது.

புதுப் பலகை வந்தது. ‘தையல் மெஷின்கள் பழுது பார்க்கப்படும்.’ எழுத்தெல்லாம் ஒரே அளவு, இடமும் கச்சிதம். கூட்டம்தான் வரவில்லை. அந்தத் தெருவில் வரிசையாகப் பன்னிரண்டு கடைகள், பன்னிரண்டுக்கும் ஒரே மாதிரிக் கதவு. ‘டோரினான்னு பெருசா, கோணலா எழுதியிருக்கும், அதுதான் கடை’ என்று ஒருவருக்கொருவர் வழி சொல்லித்தான் இத்தனை வருஷமும் ஆட்கள் வந்திருக்கிறார்கள். இப்போது மெஷினைத் தூக்கிக்கொண்டு தெருவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துவிட்டு, பக்கத்துப் பூட்டுக் கடைக்காரரிடம், “டோரினா பார்க்கிற அம்மா காலி பண்ணிட்டாங்களா?” என்று கேட்டுவிட்டுத் திரும்பினார்கள். பலகை மாறி இரண்டு நாள் இப்படியே போயும் அக்கா என்னைத் திட்டவே இல்லை. அவள் திட்டியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

சனிக்கிழமை எனக்கு விடுமுறை. திங்கட்கிழமை மேலாளர் அம்மா என் நிரந்தர உத்தரவில் கையெழுத்துப் போடவேண்டும். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தெருமுனையில் போய் நின்றேன். தாளில் பலகையைப் பற்றித்தானே எழுதியிருந்தது, வாயைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

“டோரினாவா? டோரினாக்கள் எல்லாம் இந்தப் பக்கம் வாங்க!”

முதல் தடவை என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. மூன்றாவது தடவை பூட்டுக் கடைக்காரர் வெளியே வந்து எட்டிப்பார்க்கும் அளவுக்குக் கிளம்பிவிட்டது. ஆறு மாதமாக எந்த வார்த்தையைத் துரத்திக்கொண்டு அலைந்தேனோ அதையே தெருவில் நின்று கூவுவது இவ்வளவு சுகமாக இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. மத்தியானத்துக்குள் ஏழு மெஷின்கள். கடைக்குள்ளிருந்து அக்காவின் சிரிப்பு கேட்டது. “டேய், தொண்டை கட்டிக்கும், தண்ணி குடி!” என்று கத்தினாள்.

தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி வாயைத் திறந்தபோது, எதிரே மேலாளர் அம்மா நின்றுகொண்டிருந்தார்.

ஆபீஸில் தினமும் பார்க்கிற, சங்கிலியில் தொங்கும் அதே மூக்குக் கண்ணாடி. இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்த கனமான துணி மூட்டை. நான் கூவியது நிச்சயம் அவர் காதில் விழுந்திருக்கும். போச்சு, ஆறு மாத உழைப்பும் போச்சு என்று நினைத்தேன். நினைத்தபடியே குனிந்தவன் கண்ணில் மூட்டையின் அடி பட்டது. துணி விலகிய இடத்தில் ஒரு சக்கரம் எட்டிப்பார்த்தது. பச்சை இல்லை, சிவப்புச் சக்கரம்.

அவரும் நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டார்.

“டோரினாவா மேடம்?” என்றேன்.

அவர் தெருவின் இரண்டு பக்கமும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

“ஆமா” என்றார், காதில் விழுந்தும் விழாத குரலில்.

மூட்டையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நான் முன்னால் நடந்தேன். அவர் துணியின் நுனியை இழுத்து இழுத்து மூடியபடி பின்னாலேயே வந்தார். நான் எடுத்துவைத்த ஒவ்வொரு அடிக்கும் அந்தச் சிவப்புச் சக்கரம் டக், டக் என்று கொஞ்சம் சுற்றி, மறுபடியும் வெளியே தலையை நீட்டியது.