வறுத்த அரிசிக் கஞ்சி

குழந்தை ஏசாவுக்கு மூன்று நாளாய் வயிற்றுப்போக்கு. இன்று ரத்தமும் சேர்ந்து போயிற்று. இரண்டு வயதுப் பிள்ளை, அழக்கூடத் தெம்பில்லாமல் துவண்டு கிடந்தான்.

"வைத்தியர் குடுத்த பாதரசப் பொடிய மத்தியானம் ஒரு வேளை, சாயங்காலம் ஒரு வேளை குடு. மறந்துடாத," என்று சொல்லிவிட்டு அப்பன் ஹைரம் கோதுமை அறுப்புக்குப் போனான். அமெரிக்காவின் இல்லினாய் நாட்டுப்புறத்தில் அறுப்புக் காலத்தில் எந்த ஆணும் வீட்டில் தங்குவதில்லை.

அவன் மனைவி லொவினா பொட்டலத்தைப் பிரித்தாள். போன கோடையில் மூத்தவள் ஆல்மிராவுக்கும் இதே பொடிதான். ஈறு அழுகி, பல் உதிர்ந்து, பத்தாம் நாள் போய்ச் சேர்ந்தாள். பொடியை அப்படியே அடுப்புச் சாம்பலில் கொட்டினாள் லொவினா. கொட்டிய பிறகுதான் பயம் பிடித்தது. வேறு எதைக் கொடுப்பது?

கல்யாணத்துக்கு அக்கா கொடுத்த சமையல் புத்தகத்தின் கடைசியில் நோயாளிப் பக்குவங்கள் இருந்தன. விரல் வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். அரிசியைச் சிவக்க வறுத்து, நிறையத் தண்ணீரில் குழைய வேகவைத்து, வடித்த கஞ்சியில் உப்புப் போட்டுக் கரண்டி கரண்டியாய்க் கொடுக்க வேண்டுமாம். வீட்டில் சோளமாவைத் தவிர ஒன்றுமில்லை.

அரிசி இருக்கும் ஒரே வீடு, நெல் விளையும் கரோலினாவிலிருந்து வந்த பக்கத்துப் பண்ணைக் கெசையாவுடையது. பன்றி கொல்லையில் புகுந்த சண்டையில் இரண்டு வருஷமாய்ப் பேச்சில்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினாள்.

"புத்தகத்தப் பாத்துச் சமைக்கிற மகராசி, என் படி ஏறுறியா?" என்றாள் கெசையா.

"அப்புறமா திட்டுக்கா. ஒரு பிடி அரிசி குடு. இவனும் போயிட்டா நான் இருக்க மாட்டேன்."

கெசையா பிள்ளையின் வெடித்த உதட்டைப் பார்த்தாள். வாணலியை அடுப்பில் வைத்தாள்.

முதல் கரண்டி வாந்தியாய் வந்தது. இரண்டாவதும் அப்படியே. "எடுக்கட்டும். நீ ஊத்து," என்றாள் கெசையா. வெயில் சாய்வதற்குள் ஏசாவின் கண்கள் செருகின.

"மருந்தக் கொட்டினவ நான்தான்க்கா. நானே கொன்னுட்டேன்." லொவினா தலையைச் சுவரில் முட்டிக்கொண்டாள். கெசையா கரண்டியைப் பிடுங்கித் தானே ஊட்டினாள்.

தேடி வந்த ஹைரமிடம் லொவினா எதையும் மறைக்கவில்லை.

"இவனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா உன் தலையிலதான்," என்று சொல்லிவிட்டு, வெளியே போய் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

கஞ்சி கொடுக்கத் தொடங்கிய மூன்றாம் நாள் காலை, கெசையா வீட்டிலேயே, ஏசா கரண்டியைக் கடித்துக்கொண்டு விட மறுத்தான். சற்று நேரத்தில் லொவினாவின் மடி நனைந்தது. மூத்திரம். நேற்றெல்லாம் ஒரு சொட்டுக்கூடப் போகாத பிள்ளை. அவள் அசையவே இல்லை. "எழுந்திருடி, பாவாடைய மாத்து," என்று சொன்ன கெசையாவின் குரல் உடைந்தது.

ஹைரம் வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டான். லொவினாவோடு பேச அவனுக்கு அறுப்பு முடியும்வரை ஆயிற்று.