சட்டைப் பையில் ஒரு குமிழ்

விடியலின் மங்கிய வெளிச்சத்தில் ரயில் நிலைய வாசலில் டாக்சிகள் வரிசையாக நின்றன. எதிலும் எஞ்சின் ஓசை இல்லை. முன்வண்டி சவாரி ஏற்றிப் போனால் பின்வண்டிகள் நகர வேண்டும். அதற்காகச் சாவியைத் திருகுகிறவன் இப்போது அந்த ஸ்டாண்டில் யாருமில்லை. பெட்ரோல் விலை ஏறியதிலிருந்து எல்லாரும் தள்ளத்தான் செய்தார்கள். ஓட்டுநர் திறந்த கதவோரம் நின்று ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தோளைக் கொடுப்பான். பின்வண்டிக்காரன் வந்து டிக்கியில் முதுகைக் கொடுப்பான்.

"தள்ளு மாப்பிள்ளை! வீட்டுல தின்னதெல்லாம் எங்க போச்சு?" என்றான் மைனர், முதுகைக் கொடுத்துக்கொண்டே.

"நீ சட்டை கசங்காம தள்ளுறே. பாரம் பூரா என் தோள்ல."

கல்யாணமான மறுவாரமே வேலைக்கு வந்ததால் இவன் எல்லாருக்கும் 'மாப்பிள்ளை'. தேய்த்த சட்டையும் சீப்புமாகத் திரிவதால் அவன் 'மைனர்'. இருவர் சட்டைப் பையிலும் ஒரே மாதிரி ஒரு சாமான் உண்டு. ஏசியைத் திருகும் குமிழைப் பிடுங்கிச் சட்டைப் பைக்குள் போட்டு வைத்திருந்தார்கள். இவர்கள் மட்டுமல்ல, ஸ்டாண்டில் எல்லாருமே. ஏசி போட்டால் பெட்ரோல் குடிக்கும். பெட்ரோல் போடுவது ஓட்டுநர். நாள் வாடகை வாங்குவது முதலாளி. விலை எவ்வளவு ஏறினாலும் வாடகை குறையவில்லை. அதனால் சவாரி கேட்டால், "ஏசி ரிப்பேருங்க, குமிழே இல்ல பாருங்க." அவ்வளவுதான்.

அன்று உச்சி வெயிலில் ஆஸ்பத்திரி வாசலில் ஒரு குடும்பம் மாப்பிள்ளையின் வண்டியில் ஏறியது. கணவன், மனைவி, துணியில் சுற்றிய பச்சைக் குழந்தை. வண்டி அடுப்பாகக் கொதித்தது.

"ஏசி போடுங்க. குழந்தை இருக்கு," என்றான் கணவன்.

"ரிப்பேருங்க." வாய் தானாகச் சொல்லிவிட்டது.

வழி நெடுக நெரிசல். குழந்தை முதலில் வீறிட்டது, பிறகு முனகியது, பிறகு முனகலும் தேய்ந்தது. அந்தப் பெண் முந்தானையால் விசிறிக்கொண்டே வந்தாள். கண்ணாடியில் குழந்தையின் முகம் செக்கச் சிவந்து தெரிந்தது. மாப்பிள்ளையின் கை ஒருமுறை சட்டைப் பை வரை போய்த் திரும்பியது. இப்போது குமிழை எடுத்து மாட்டினால் இத்தனை நேரம் சொன்னது பொய்யென்று ஆகிவிடுமே! அந்த வெட்கத்துக்குப் பயந்து, அதைவிடப் பெரிய வெட்கத்தை அவன் தேடிக்கொண்டான்.

வீட்டு வாசலில் கணவன் பையைத் தூக்கிக்கொண்டு முன்னே போக, மாப்பிள்ளை சில்லறைக்காகப் பைக்குள் கைவிட்டான். குமிழ் தெறித்து அந்தப் பெண்ணின் காலடியில் உருண்டது. அவள் குழந்தையை அணைத்தபடியே மெல்லக் குனிந்து எடுத்தாள். குமிழைப் பார்த்தாள். அது இருந்திருக்க வேண்டிய ஓட்டையைப் பார்த்தாள்.

"உங்களோடதுங்க," என்று அவன் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

சாப்பிட வீட்டுக்குப் போனான். சோறு இறங்கவில்லை. நிறைமாத வயிற்றோடு எதிரில் உட்கார்ந்திருந்த மனைவியிடம் சொல்லிவிட்டான்.

"நாளைக்கு நம்ம பிள்ளையை வீட்டுக்குக் கொண்டு வர்றப்போ எந்த வண்டில வருவோம்?" என்றாள். "உங்க ஸ்டாண்டு வண்டின்னா சொல்லிடுங்க. நான் நடந்தே வந்துடுறேன்."

சாயங்காலம், வாடகை கொடுக்கும் நேரத்தில், எல்லாரும் முதலாளியின் அறையில் கூடினார்கள். அங்கே ஏசி சில்லென்று ஓடிக்கொண்டிருந்தது.

"புகார் வந்திருக்கு," என்றார் முதலாளி. "ஆஸ்பத்திரி சவாரி. கைக்குழந்தைக்கு ஏசி போடலையாம். எல்லாம் ஒரே வெள்ளை வண்டி, நம்பர் தெரியலைங்கறான். மத்தியானம் அங்க நின்னது யாரு?"

மாப்பிள்ளை சட்டைப் பையைக் கையால் பொத்திக்கொண்டான்.

"நான் ரெண்டு சவாரி எடுத்தேன், முதலாளி," என்றான் மைனர் யோசனையோடு. "ஒண்ணுல குழந்தை இருந்துச்சு…"

"பைல என்ன?"

மைனர் சீப்பை எடுத்தான். கூடவே குமிழும் வந்தது.

"சாவியை வச்சுட்டுக் கிளம்பு."

"மன்னிச்சுக்கங்க முதலாளி. பெட்ரோல் விலை…"

"விலையை நானா ஏத்தினேன்?"

மைனர் சாவியை மேசைமேல் வைத்தான். அவன் சட்டைக் காலர் வியர்வையில் தொய்ந்திருந்தது. கதவருகே நின்று சிரிக்கப் பார்த்தான். "மாப்பிள்ளை, நாளைக்கு உன் வண்டிக்கு முதுகு கொடுக்க வேற ஆளைப் பாரு."

அந்த முதுகு! விடியற்காலையில் தன் வண்டிக்குப் பின்னால் வளைந்திருந்த முதுகு. மாப்பிள்ளைக்கு முகம் பற்றி எரிந்தது. மைனரின் கால் படியிறங்கும் ஓசை கேட்டது.

"மைனர், நில்லுடா!" மாப்பிள்ளை கத்தினான். "அது என் சவாரி."

மைனர் திரும்பிப் படியேறி வந்தான். மாப்பிள்ளை பையிலிருந்த குமிழை எடுத்து மேசைமேல் வைத்தான். "முதலாளி, அந்தக் குழந்தையைப் புழுங்க வச்சது நான்தான். இவன் சொன்னது வேற சவாரி. இவன் போறதைப் பார்த்துக்கிட்டு நான் பேசாம நின்னேன்."

"அப்போ உன் சாவியையும் வை."

மாப்பிள்ளை சாவியையும் வைத்தான். ஸ்டாண்டிலேயே மூத்தவரான கண்ணாடிக்காரர் செருமினார். பைக்குள் கைவிட்டு ஒரு குமிழை எடுத்து மேசைமேல் உருட்டினார். "என்னதையும் வச்சுக்குங்க. போன வாரம் ஒரு நோயாளியை நான் இப்படித்தான் கொண்டு போனேன். இன்னும் தூக்கம் வரலை."

அடுத்தவன் வைத்தான். அதற்கடுத்தவன், தலையைத் தூக்காமலே வைத்தான். மேசைமேல் கருப்புக் குமிழ்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு உருண்டன.

"என்னடா, கூட்டுக் களவாணிங்களா?"

"ஆமாம் முதலாளி, களவாணித்தனம்தான்," என்றார் கண்ணாடிக்காரர். "நீங்க எங்களைப் பிழிஞ்சீங்க. நாங்க சவாரியைப் பிழிஞ்சோம். இனிமே எங்களால ஆகாது. குமிழை வண்டில மாட்டிடுறோம், கேட்டா ஏசி போடுறோம். விலை ஏறின அளவுக்கு வாடகையைக் குறைங்க. மைனருக்கும் மாப்பிள்ளைக்கும் சாவியைக் கொடுங்க."

"முடியாது. வண்டி என்னோடது. இஷ்டமில்லைன்னா எவனும் ஓட்ட வேணாம்."

"ஓட்டலை," என்றான் மாப்பிள்ளை. "தள்ளுறோம்."

அவரவர் குமிழை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, தெருவில் நின்ற வண்டிகளை ஒவ்வொன்றாக முதலாளியின் முற்றத்துக்குள் தள்ளினார்கள். எஞ்சின் ஓசையே இல்லை. மூச்சிரைப்பும் செருப்புகள் தரையில் தேயும் சத்தமும்தான். கடைசியாக மாப்பிள்ளையின் வண்டி வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. அதன் டிக்கியில் சாய்ந்திருந்த முதுகு மைனருடையது. மாப்பிள்ளை முன்சீட்டில் உட்கார்ந்தான். மைனர் கதவருகே வந்தபோது அவனை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"என்னைப் படியிறங்க விட்டுட்டுத்தானேடா வாயைத் திறந்தே?"

"ஆமா."

"கழுதை." மைனர் கசங்கிய சட்டையை உதறிக்கொண்டான். "நகரு. நானும் உட்காரணும்."

மாப்பிள்ளை குமிழை ஓட்டையில் வைத்து அழுத்தினான். 'டக்' என்று பொருந்தியது. அந்தப் பெண்ணின் பார்வை மட்டும் உள்ளங்கையிலேயே கிடந்தது. அது எப்போதும் கிடக்கும் போலிருந்தது. முதலாளியின் அறைக் கதவு திறக்கவில்லை. அவன் வீட்டுக்குப் போன் செய்தான்.

"வேலை இருக்குமான்னு தெரியலை. வாடகை குறையற வரைக்கும் வண்டியை எடுக்கறதில்லைன்னு உட்கார்ந்துட்டோம். குமிழை மாட்டிட்டேன்."

மறுமுனையில் பாத்திரம் உருளும் ஓசை கேட்டது.

"சோறு வடிக்கப் போறேன்," என்றாள். "எத்தனை பேருக்கு?"

அவன் வண்டிகளில் சாய்ந்து கிடந்தவர்களைப் பார்த்தான்.

"எல்லாருக்கும்."