சிட்டிகைக்குப் பசித்தது

அந்தத் தொழிற்சாலை கேன்டீனில் அவளுக்குச் ‘சிட்டிகை’ என்று பேர் வைத்தது யாரென்று யாருக்கும் நினைவில்லை. காரணம் மட்டும் எல்லோருக்கும் தெரியும். அடுப்பில் எது கொதித்தாலும் ஒரு சிட்டிகை வாயில் போட்டுப் பார்க்காமல் இறக்க மாட்டாள். வெந்த கிழங்கில் ஒரு துண்டு, பருப்பில் ஒரு கரண்டி, போகிற போக்கில் ஒரு கை வறுகடலை. காலையில் அடுப்பு பற்றவைத்தது முதல் பாத்திரம் கவிழ்க்கும் வரை வாய் சும்மா இருக்காது. உட்கார்ந்து சாப்பிடவோ நேரமே கிடைக்காது.

கொஞ்ச காலமாக நெஞ்சு கரித்தது. வயிறு கல்லாகக் கனத்தது. கூடவே வேலை பார்க்கும் நாத்தனார்தான் அவளைப் பிடித்து இழுக்காத குறையாக ஆயுர்வேத வைத்தியரிடம் அழைத்துப் போனாள்.

வைத்தியரம்மாவுக்கும் ஏறக்குறைய சிட்டிகையின் வயதுதான். நாடி பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார். பிறகு, “கடைசியா எப்பங்க நல்லாப் பசிச்சுது?” என்று கேட்டார்.

சிட்டிகை விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள்.

“நேரத்துக்கு ஏதாவது உள்ள போயிடுமே...”

“நேரத்தைக் கேக்கலை. பசியைக் கேட்டேன். வயித்துல ஒரு அடுப்பு இருக்குன்னு வச்சுக்குங்க. போட்ட விறகு எரியறதுக்குள்ள மேல மேல பச்சை விறகைத் திணிச்சா?”

“புகையும்.”

“அந்தப் புகைதான் உங்க நெஞ்சுல கரிக்குது. முன்னாடி சாப்பிட்டது செரிக்கட்டும். பசிச்சா மட்டும் சூடா, உட்கார்ந்து, நிதானமா சாப்பிடுங்க. அரை வயிறு சோறு, கால் வயிறு தண்ணி, மிச்சத்தைக் காலியா விடுங்க.”

“பசிக்குதுன்னு எப்படித் தெரியும்?”

வைத்தியரம்மா சிரித்தே விட்டார். “ஒவ்வொரு உடம்புக்கும் ஒவ்வொரு மாதிரிங்க. வாத உடம்புல திடீர்னு வரும், திடீர்னு போயிடும். பித்த உடம்பு ஒரு நிமிஷம் பொறுக்காது. கப உடம்புல மெல்லத்தான் எட்டிப் பாக்கும். உங்களுது எப்படின்னு நீங்கதான் பாத்துச் சொல்லணும்.”

அன்றிலிருந்து அந்தக் கேள்வி அவளை அரித்தது. தட்டை நீட்டியவர்களையெல்லாம் பிடித்துக்கொண்டாள். “தம்பி, உனக்குப் பசி எப்படிப்பா வரும்?” லாரி ஓட்டுநர் தனக்குக் கை வெடவெடக்கும் என்றார். கணக்குப் பிரிவுக்காரர் கொட்டாவி வரும் என்றார். வாயிற்காவலருக்கோ பேச்சே பிடிக்கவில்லை. “முதல்ல சோத்தைப் போடுக்கா. அப்புறம் சொல்றேன்.”

ருசி பார்க்கும் வேலை நாத்தனார் கைக்குப் போனது. அவளுக்கு உப்பு விஷயத்தில் கை தாராளம். “கடல் தண்ணியிலயா வேக வச்சீங்க?” என்று சாப்பிட வந்தவர்கள் கூச்சல் போட்டார்கள். கடைசியில், சிட்டிகையே நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பிவிட்டு வாய் கொப்பளிப்பது என்று முடிவானது.

ஒரு முற்பகலில் பூசணிக்காய் அரிந்துகொண்டிருந்தாள். வயிறு திடீரென்று லேசானது. உள்ளே யாரோ கதவைத் திறந்துவிட்டது போலிருந்தது. வாயில் நீர் சுரந்தது. பச்சைப் பூசணியின் வாசனைகூட மூக்கைத் துளைத்தது. பயந்துபோய்க் கத்தியைக் கீழே வைத்தாள்.

“ஏம்மா, எனக்கு என்னவோ பண்ணுது. மயக்கமா இருக்குமோ?”

நாத்தனார் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். முகத்தை உற்றுப் பார்த்தாள். “அண்ணி, உங்களுக்குப் பசிக்குது!”

அப்படியே பலகையில் உட்காரவைத்துச் சூடாகச் சோறும் பருப்பும் கீரையும் போட்டுக் கொடுத்தாள். சிட்டிகை முதல் வாயை மென்றாள். மெல்ல மெல்லச் சோறு இனித்தது. பருப்புக்கு அடியில் மெல்லிய துவர்ப்பு. கீரையின் ஓரத்தில் ஒரு துளி கசப்பு. இத்தனை வருஷமாகத் தன் கையாலேயே சமைத்தும், உப்பையும் காரத்தையும் தவிர வேறெதையும் அவள் நாக்கு கண்டுகொண்டதில்லை. வயிறு போதும் என்று சொன்ன இடத்தில் நிறுத்தினாள். அன்று நெஞ்சு கரிக்கவில்லை. பின்னால் வேலை நெருக்கிய நாட்களில் பழைய புத்தி தலைகாட்டியது; அன்றெல்லாம் கரிப்பும் தவறாமல் வந்து நின்றது.

பிறர் பசியைக் கவனிக்கும் பழக்கமோ விடவில்லை. அவள் கணவர் தையல்காரர். மாலையில் கடையடைத்து வந்ததும் வாசலிலேயே ஆரம்பித்துவிடுவார்: “செருப்பை யாரு நடுவுல வச்சது? விளக்கு எதுக்கு வெட்டியா எரியுது?” வழக்கமாக அவளும் பதிலுக்குப் பதில் கொடுப்பாள். ஒரு நாள் அப்படிச் செய்யவில்லை. ஆவி பறக்கத் தட்டை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள். நாலு வாய் போவதற்குள் அவர் குரல் இறங்கிவிட்டது. “நீ சாப்பிட்டியா?” என்றுகூடக் கேட்டார்.

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

“என்ன சிரிப்பு?”

“உங்களுக்குப் பசி கோபமா வருதுங்க. இப்பதான் கண்டுபிடிச்சேன்.”

அவர் கை பாதியில் நின்றது. “அப்ப இத்தனை வருஷம் நான் போட்ட சண்டையெல்லாம்?”

“பாதி பசிதான்.”

“மீதி?”

“மீதிக்கு நான் காரணம்னே வச்சுக்குங்க. சாப்பிடுங்க, ஆறிடும்.”